கிண்ணத்தின் கீழே இரு கைகள்

"கொஞ்சம் வழி விடுறீங்களா?"

"ஒரு நிமிஷங்க... சாக்ஸ் பிழிஞ்சுக்கினு இருக்கேன். வெள்ளை சாக்ஸ் போட்டாத்தான் உள்ள விடுவாங்களாம். கோட்டூர்புரம் பாலத்துல பிடிச்ச மழை... விடவே இல்ல!"

வகுப்பு வாசலில் வழிக்காக நின்ற மஹ்விஷுக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்தவனின் கண்களும் சிரித்தன... இமைகளில் இன்னும் மழை. சட்டென்று பார்வையைத் திருப்பி, கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். இன்று ஒரு நாள் மட்டும் நடுங்காமல் இருந்தால் போதும்... யா அல்லாஹ்!

ஜப்பானிய மொழி வகுப்பில் அவள் சேர்ந்து ஆறு மாதம். இன்று ஹருகோ டீச்சர் தேநீர்ச் சடங்கு நடத்துகிறார். எல்லா வகுப்பினரும் வந்தே ஆக வேண்டுமாம்.

"நான் நதீம். சண்டே பேட்ச். டீ குடிக்கப் போறேன்னு எங்க அம்மிகிட்ட சொல்லவே இல்ல. அவங்களுக்கு இப்பல்லாம் டீன்னாலே அலர்ஜி." அவன் குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் கே.கே. நகர்ல எனக்குப் பொண்ணு பாக்கப் போனாங்க. அந்தப் பொண்ணு ட்ரேயோட அவங்க மடியிலயே கொட்டிடுச்சாம்! கை அப்படி நடுங்குச்சாம்... ஏதோ வியாதின்னு வேணாம்னுட்டு வந்துட்டாங்க."

பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண் மஹ்விஷ்தான். அன்று பெண்கள் மட்டும்தான் வந்திருந்தார்கள். இவன் அம்மா ஜமீலுன்னிசா முகம் சுளித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மாப்பிள்ளையை அவள் பார்த்ததேயில்லை... இன்றுவரை.

வியாதி எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். புது மனிதர்கள் முன்னால் கோப்பையைப் பிடித்தால் மட்டும் இந்த நடுக்கம். அதை யாரிடம் போய் விளக்குவது?

ஓடிவிடலாமா? அதற்குள் டீச்சர் அவளை அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டார். அதுவும் நதீமுக்கு அடுத்த இடத்தில்!

பாயில் முழங்கால் மடித்து உட்கார வேண்டும். மற்றவர்கள் நெளிந்தார்கள். தொழுகையில் பழகிய கால்கள் என்பதால் இவர்கள் இருவர் மட்டும் அசையவில்லை. அதைக் கவனித்து அவன் ஓரக்கண்ணால் புன்னகைத்தான். அவளோ பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுரைத்த பச்சைத் தேநீர் முதலில் அவனுக்கு வந்தது. குடிக்கும் முன் அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்பது அங்கே முறை. அவன் அவள் பக்கம் திரும்பித் தலை வணங்கினான்.

"ஓசாகி நி..." பிறகு மெதுவாக, "உங்களுக்கு முன்னாடி குடிக்கிறேன், மன்னிச்சிருங்க."

குடித்து முடித்தான். அதே கிண்ணத்தைக் கழுவி, புதிதாகக் கலக்கி, டீச்சர் அவள் முன்னால் வைத்தார். கியோட்டோவிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கிண்ணமாம். மஹ்விஷ் எடுத்தாள். விரல்கள் ஆடின... மணிக்கட்டு ஆடியது... தேநீர் விளிம்பு வரை வந்து தளும்பியது.

நதீம் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. தெரிந்துவிட்டது... அவனுக்குத் தெரிந்துவிட்டது!

கிண்ணம் நழுவப் போன நேரம், அதற்குக் கீழே இரண்டு உள்ளங்கைகள் விரிந்தன. தொடவில்லை. ஒரு விரற்கடை தள்ளியே நின்றன.

"விழுந்தா நான் பிடிச்சுக்குவேன். நீங்க குடிங்க."

குடித்தாள். கசந்தது. கண் கலங்கியது.

வெளியே செருப்பு ரேக் அருகே அவன் காத்திருந்தான். மழை இன்னும் நிற்கவில்லை.

"அது... நீங்கதானா?"

"ஆமா. வியாதி இல்ல. பயம்."

"ஸாரிங்க... அன்னிக்கு உங்க பேரைக்கூட நான் கேக்கல. அம்மி வேணாம்னாங்க, சரின்னுட்டேன். அவங்களை எதிர்த்துப் பேச எனக்கும் பயம்தான்." ஃபோனை எடுத்தான். மறுபடி பைக்குள் போட்டான். "இப்ப ஒண்ணு சொல்லணும்... ஆனா..."

என்னை வேண்டாம் என்ற வீடு... போய்விடு என்றது ரோஷம். கால்கள் நகரவில்லை. கிண்ணத்தையே பிடித்தாகிவிட்டது, இனி இதற்கு என்ன பயம்?

அவள் அவனைப் பார்த்துத் தலை வணங்கினாள்.

"ஓசாகி நி. உங்களுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், மன்னிச்சிருங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என் பேரு மஹ்விஷ்."

அவன் ஃபோனை மறுபடி எடுத்து அம்மியின் எண்ணை அழுத்தினான். கை கிடுகிடுவென்று நடுங்கியது. மஹ்விஷ் அதற்குக் கீழே தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.

"ஹலோ... அம்மி? எனக்கு... அந்த டீ கொட்டுன பொண்ணுதான் வேணும்."