மரை ஓடும் பக்கம்

"குசினிக்குள்ள ஒரு பைப்பு இருந்தாப் போதும் மச்சான். கெணத்தடிக்கே போக வேணாம். ஒரு ஆளப் புடிங்க."

"ஆள் எதுக்கு? நானே வச்சுத் தரேன் புள்ள."

"நீங்க வைக்கிறதுக்குள்ள மெர்டேக்காவே வந்துரும்."

மனைவி ஹஸீனா அன்று சிரித்தபடி சொன்னது பலித்துவிட்டது. நாடு விடுதலை பெறும் மெர்டேக்காவுக்கு இன்னும் நான்கே நாள். பதினெட்டு மாதம் பூட்டிக் கிடந்த கஜா பேராங் தெரு வீட்டின் முன்னால், ஸ்பானரும் சணல் நாரும் இருந்த பையோடு ஷரீஃபுதீன் நின்றான். அவளுக்குக் கொடுத்த வாக்கை முடிக்காமல் அந்த வீட்டைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தி வேலியோரம் வந்தார்.

"மெயின மூடாமப் போயிட்டீங்களா பாய்? பொழுது சாஞ்சா உள்ள தண்ணிச் சத்தம் கேக்குது."

ஷரீஃபுதீன் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தான். மெயின் வால்வை மூடியவனே அவன்தான்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை. சமையல்கட்டான குசினி வரை பைப்பை இழுத்து, முனையில் குழாயை முடுக்கினான். தண்ணீர் கசியாமலிருக்கக் குழாயின் திருகு மரையில் சணலை மரை ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும். சொங்கோக் தொப்பி தைத்துப் பழகிய அவன் கை, நூல் சுற்றுவதுபோல இடப்பக்கமாகச் சுற்றிவிட்டது. முடுக்க முடுக்கச் சணல் பிதுங்கி, இணைப்பில் தண்ணீர் பீறிட்டது. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவிக்கப் போகிறார்கள், நேரமாகிவிட்டது. வால்வை மூடிவிட்டு ஓடினான். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்கூடப் பிடித்து வைக்கவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் தேடி, ஹஸீனா பின்கட்டுக் கிணற்றுக்குப் போனாள். பாசி படிந்த விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழுந்தாள்.

வெளியூர் போனாலும் சரி, இறந்தவரின் மையித்தை எடுத்தாலும் சரி, செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி, 'பொருந்திக்க' என்று பொருத்தம் கேட்பது அவர்கள் வழக்கம். அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் அவனையும் கேட்கச் சொன்னார்கள். 'மெர்டேக்கா' என்று திடலில் கத்திக் கத்திக் கட்டியிருந்த தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை சரியான பிறகும், அவள் பெயர் சொல்லி அதைக் கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

வால்வைத் தொட்டுப் பார்த்தான். இறுக மூடித் துருவேறியிருந்தது.

குசினியில் துருவின் வாடையும் ஈரச் சிமெந்தின் வாடையும் கலந்து நின்றன. குழாயைக் கழற்றிப் பழைய சணலைப் பிய்த்தான். மரையைத் துலக்கிப் புதுச் சணலை வலப்பக்கமாக, மரையோடு மரையாகப் படியச் சுற்றினான். பசை தடவி, முதலில் கையால் முடுக்கி, பிறகு ஸ்பானரால் இன்னும் அரைச் சுற்று. ஐந்து நிமிட வேலை. அன்று அந்த ஐந்து நிமிடம் அவனிடம் இல்லாமல் போனது.

வெளிச்சம் மங்கியது. தூரத்தில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு ஒலித்து ஓய்ந்தது.

சொட்.

வால்வை அவன் இன்னும் திறக்கவில்லை.

குழாயின் பிடி தானாகத் திரும்பியது.

மெல்லிய நீர் இறங்கியது. இடையில் எதுவோ அதை ஏந்தி ஏந்தித் தெளித்தது. ஒளு செய்யும் வரிசையில், கைக்கு மூன்று முறை. வாய்க்கு மூன்று. மூக்குக்கு மூன்று. முகம். முழங்கை. தலைக்கு ஒரு தடவல். அப்போது மட்டும் சத்தமில்லை. கடைசியாகக் கால்கள்.

இணைப்பில் ஒரு பொட்டு ஈரமில்லை.

பிடி திரும்பி மூடிக்கொண்டது.

காய்ந்த தரையில் ஒரு வலக்கால் தடம் ஈரமாக விழுந்தது. பிறகு இடக்கால். சிறிய பாதங்கள். இரண்டாம் விரல் சற்று நீளம், அவளுடையது போலவே.

அவனுக்கு எதிரில் வந்து இரண்டும் சேர்ந்து நின்றன.

அவன் வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினான். ஆனால் எத்தனை மாலை அவள் இப்படி வந்து நின்றிருப்பாள் என்று நினைத்ததும் பயத்தை மீறி அழுகை வந்தது.

குழாய் முனையில் ஒரு துளி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் மண்டியிட்டான்.

"ஹஸீனா... என்னைப் பொருந்திக்க புள்ள."