கல்வட்டத்துச் சந்து

மானாம்பதிக்கு மேற்கே ஏரிக்கரையைத் தாண்டினால் ஒரு கரட்டு மேடு. சொக்கம்மாள் ஆடு மேய்ப்பது அங்கேதான். அன்றைக்கும் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குத் துணை இரண்டு ஆடும் ஒரு குட்டியும்தான். மகன் வினோத்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. போனில் பேசுவான், ஆனால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி இருக்கும். சில நாள் பொழுது சாய்ந்த பிறகுதான், விடிந்ததிலிருந்து மனுஷரிடம் வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கும்.

மேட்டின் நடுவில் பாண்டவர் குழி. உருண்டைக் கற்களை வட்டமாக நட்டு, உள்ளே பலகைக் கற்களால் பெட்டி போல அறை கட்டி, மேலே மண்ணைக் குவித்து மூடியிருந்தார்கள். எந்தக் காலத்துச் சனமோ, செத்தவர்களை வைக்கக் கட்டியது. முன்பக்கம், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு கற்சந்து. அது முடிகிற இடத்தில் நிற்கும் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே இருக்கிறவர்களுக்கு அதன் வழியாகத்தான் சோறு வைப்பார்களாம். அளக்க வந்த தொல்லியல் ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

குட்டி அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிட்டது.

சொக்கம்மாள் சந்துக்குள் தவழ்ந்தாள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே கிணற்றடிக் குளிர்ச்சி. வௌவால் நெடி. அதற்கும் அடியில் இன்னொரு வாசம், இப்போதுதான் வடித்த கஞ்சி மாதிரி. குட்டி மூச்சு வாங்குவது கேட்டது. தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். மண். உடைந்த ஓடு. மறுபடி மண்.

பிறகு ஒரு கை.

அது அவள் கையைப் பிடித்தது.

இழுக்கவெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. ஈரக் களிமண் போலச் சில்லிட்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் அவள் புறங்கையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தாள், கத்தவில்லை. கையை உருவிக்கொள்ளவும் அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியாகத் தன்னை இப்படித் தொட்டது யார் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. கன்னம் தானாகப் போய்க் கல்லில் சாய்ந்தது.

இன்னும் கொஞ்ச நேரம், என்றது மனசு.

அந்த நினைப்புதான் அவளை நடுங்க வைத்தது.

"இன்னாக்கா, உள்ள போயி இன்னா பண்ணிக்கினு கீற? ஆடு ரெண்டும் கரும்புல மேயுது." பக்கத்துக் கழனிக்காரன் நந்தகுமாரின் குரல்.

பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக, மனசே இல்லாமல்.

அடுத்த நொடி குட்டி ஓட்டை வழியாகத் துள்ளி, அவள் முகத்தை உரசிக்கொண்டு ஓடியது.

வெளியே வந்து, கரும்பில் மேய்ந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டு, இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டாள். ஷிப்ட் இருக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான். போனை வைத்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேட்டைப் பார்த்த கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஆனாலும் கால்கள் எழுந்து அந்தப் பக்கமே போகப் பார்த்தன. இங்கே தனியாக இருந்தால், ஒரு நாள் தானே போய் அந்தச் சந்துக்குள் படுத்துக்கொண்டுவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மறுநாள் காலை ஆடுகளை நந்தகுமாரிடம் ஒப்படைத்துவிட்டு, உத்திரமேரூரில் பஸ் மாறி, வாலாஜாபாத்தில் இருக்கும் தங்கை சிட்டம்மாளிடம் போய்விட்டாள்.

சிட்டம்மாளும் தனிக்கட்டைதான். அக்காவைப் பார்த்ததும் அவள் முகமே மாறிப்போனது. இனிமேல் இங்கேயே இருந்துவிடச் சொன்னாள். மதியம் கருவாட்டுக் குழம்பு வைத்து, விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். சொக்கம்மாளுக்குச் சிரிப்புகூட வந்தது. சாப்பிட்டதும் சிட்டம்மாள் கூடத்தில் பாய் விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொக்கம்மாள் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனாள்.

கழுவி எடுத்துக்கொண்டு திரும்பியவள் கூடத்து வாசலில் அப்படியே நின்றாள்.

பாயின் மறுபாதி காலியாகத்தான் இருந்தது. சிட்டம்மாளின் கை மட்டும் முதுகுக்குப் பின்னால் அந்தப் பக்கம் நீண்டிருந்தது. கண்ணைத் திறக்காமல், தூக்கக் கலக்கத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"கை இன்னாக்கா இப்டி சில்லுனு கீது... பரவால்ல, வுடாத. புட்சிக்கினே இரு."