உச்சியில் தோல் வாடை

மலையில் தோல் வாடை வரக்கூடாது. அமிர்தி ஊர் தாண்டி, கடைசி வீடும் தாண்டி, மூங்கிலும் பாறையுமாக ஏறிக்கொண்டே போகும் ஒற்றையடிப் பாதையில் பச்சிலை வாடை வரலாம், சாணி வாடை வரலாம்; ஊறிய பச்சைத் தோலும் சுண்ணாம்பும் உப்பும் கலந்து மூக்குக்குள் ஒட்டிக்கொள்கிற அந்த வாடை வரக்கூடாது. முனீர் அகமது நின்று முகர்ந்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தடவித் தரம் பிரித்தே பாதி ஆயுசைக் கழித்தவர்.

"தோல் நாத்தம் வர்ல?"

பின்னால் வந்த சுந்தரமூர்த்தி சிரித்தான். அதே டேனரியின் லாரி டிரைவர். "அது உன் நாத்தம்தான் பாய். பஸ்ல உன் பக்கத்து சீட்டு எப்பவும் காலி. இன்னா புதுசா கேக்கற?"

டேனரிக்காரன் எவனும் அப்படித்தான் நினைத்துக்கொள்வான். வாடை வந்தால் தன் மேல்தான் என்று பேசாமல் இருந்துவிடுவான், வேறு எங்கும் தேடமாட்டான். முனீரும் பேசாமல் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் காலரை இழுத்து முகர்ந்தார். மனைவி பில்கிஸ் காலையில் பிரித்துக் கொடுத்த புதுச் சட்டை. கடைத் துணியின் கஞ்சி வாடை மட்டும்தான் இருந்தது.

மலை ஏறுவது வேலைவெட்டி இல்லாதவன் வேலை என்பது அவர் எண்ணம். வந்தது ஸ்டெல்லாவுக்காக. முன்னால் போய்க்கொண்டிருக்கும் கூட்டாளி அந்தோணியின் பெண்டாட்டி. நேற்று வாசலில் வந்து நின்றாள்.

"போன வாரம் தனியா அந்த உச்சிக்குப் போய்ட்டு வந்தாரு பாய். அதுலேர்ந்து சோறு எறங்கல. ராவெல்லாம் முழிச்சினு உக்காந்திருக்காரு. இப்ப மறுபடி போறேன்றாரு. கூடப் போய்க் கூட்டினு வந்துடுங்க."

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கியது. மத்தியானப் பொழுதுதான், ஆனால் மரங்கள் கரைந்து, குருவிச் சத்தம் அடங்கி, கேட்டதெல்லாம் அந்தோணியின் காலடிதான், ஈரத் தோலைத் தரையில் இழுத்துப் போடுவது போன்ற சொதசொதப்பான காலடி. அவன் நின்று இவர்களுக்காகக் காத்திருந்த இடங்களில் எல்லாம் வாடை ஜாஸ்தியாக இருந்தது. வழியில் சாப்பிடக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை அவன் பிரிக்கவே இல்லை. இடது கையில் பச்சை குத்திய சிலுவையையும் ஸ்டெல்லா என்ற பெயரையும் ஊருக்கே காட்டித் திரிபவன், இன்று மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தான்.

"இன்னாடா முழுக்கை?"

"குளுருது பாய்."

"எங்களுக்கு ஊத்துது. உனக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லியே."

அந்தோணி மேலே கை காட்டினான்.

"போதும்டா. ஸ்டெல்லா காத்துனு இருக்கும். எறங்கலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு எறங்கறதா?" என்றான் சுந்தரமூர்த்தி. "முட்டி போச்சுன்னா உக்காரு பாய். நாங்க பாத்துட்டு வர்றோம்."

இரண்டு பேரும் பனிக்குள் போய்விட்டார்கள். முனீர் உட்கார்ந்தார். மனசு கேட்கவில்லை. எழுந்து பின்னாலேயே போனார்.

உச்சிக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் கையில் ஏதோ பட்டது. குளிர்ச்சி. இழுத்து முளையடித்த தோல். யோசிப்பதற்கு முன்னால் கை அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. அழுத்தித் தடவிக்கொண்டே போனது. ஆடு இல்லை. செம்மறி இல்லை. கன்றும் இல்லை. மயிர்க்கால் கம்மி. கத்தி பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. முதல் தரம்.

விரல் ஒரு வட்டத் தழும்பில் நின்றது. அம்மை குத்திய தழும்பு.

குனிந்து பார்த்தார்.

பச்சைச் சிலுவை. அதன் கீழே பெயர்.

ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது. நடு மட்டும் இன்னும் ஈரம். சுண்ணாம்பில் ஊறி, சதை நீக்கி, இந்தப் பதத்துக்கு வர நாள் ஆகும். இது இன்று உரித்ததல்ல. நேற்றும் அல்ல.

போன வாரம்.

அப்படியானால் காலையில் பஸ்ஸில் கூடவே உட்கார்ந்து வந்தது எது?

ஸ்டெல்லா வீட்டில் ராவெல்லாம் விழித்திருந்தது எது?

பக்கத்தில் தோல் விரிக்க இன்னும் இரண்டு முளை வரிசைகள். அடித்துத் தயாராக. அகலமாக ஒன்று, சுந்தரமூர்த்தியின் தொப்பைக்கு. குட்டையாக ஒன்று, அவர் உயரத்துக்கு.

"மூர்த்தி," என்றார்.

மேலேயிருந்து சுந்தரமூர்த்தியின் குரல் வந்தது. தட்டையாக. "வா பாய். இங்க நல்லாருக்கு."

திரும்பி ஓட வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் வாடை.

புதுச் சட்டையின் காலரை ஏதோ மெதுவாகக் கீழே இழுத்தது. பிடரியில் ஒரு கட்டைவிரல். ஈரமாக. அழுத்தியது. நகர்ந்தது. மறுபடி அழுத்தியது. அவசரமே இல்லாமல், கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே தோள்பட்டை வரை போனது.