பெரிய திரைக்கு முன்னால் ஒரு கூவல்

செங்கோடன் வீட்டில் சினிமா என்றால் கைபேசிதான். அதை அரிசிப் படியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, நான்கு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். சரியாகச் சண்டைக் காட்சி வரும்போது சிக்னல் போய்விடும். திரையில் வட்டம் சுற்றும். கதாநாயகன் ஓங்கிய கையை இறக்காமல் நிற்பான். அதற்குள் அம்மா ஒரு நடை போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டார் கொல்லிமலையிலிருந்து சேலத்துக்குப் போய், நான்கு மாடி உயரத் திரையில் படம் பார்ப்பது என்று முடிவானதற்கு மகள் கலைச்செல்வியின் பிடிவாதம்தான் காரணம். அவளுக்குப் பதினொரு வயது. இன்னும் கடலைப் பார்த்ததில்லை. வந்திருப்பதோ கடல் படம்.

அடுத்த மாதம் கைபேசியிலேயே வந்துவிடும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். உள்ளங்கை அளவுக் கடல் தனக்கு வேண்டாம் என்று கலைச்செல்வி ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அப்பாவும் அவளும் ஆறு வயதுத் தம்பி முரளியும் கிளம்பினார்கள். எழுபது வளைவு இறங்கினால் தலை சுற்றும் என்று அம்மா வரவில்லை. பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தம்பி உன்ற பொறுப்பு சாமி. கைய உட்றாத."

கலைச்செல்வி கையை விடவில்லை. இரண்டு பஸ் மாறி, சாலையைக் கடந்து, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையும்வரை விடவே இல்லை. உள்ளே போனதும் நகரும் படிக்கட்டைப் பார்த்து அவளே வாயைப் பிளந்தாள் பாருங்கள், அந்த நொடியில் முரளி நழுவிவிட்டான்.

அப்பா பதறவில்லை. இரண்டு கைகளையும் வாயில் குவித்து, நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று கூவினார். "ஊஊ... ஊஊ... ஊய்."

ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து உடனே பதில் கூவல் வந்தது. முரளி குதித்துக்கொண்டு ஓடிவந்தான்.

அவர்கள் ஊரில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பனி இறங்கிவிட்டால் மிளகுக் கொடி படர்ந்த மரமும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் ஆளும் தெரியாது. அதனால் வீட்டுக்கு ஒரு கூவல். பிள்ளைகள் நடை பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பனியில் வழி தவறினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாயைத் திறக்கக் கூடாது, முனி பெயர் சொல்லித்தான் கூப்பிடும். ஆடி ஆடி ஒரு வெளிச்சம் வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும், அது கொள்ளிவாய்ப் பிசாசு. வீட்டுக் கூவல் கேட்டால் மட்டும் பதில் கூவலாம். ஏனென்றால் முனிக்கு அது வராது.

ஆனால் இது சேலம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கலைச்செல்வி வயதுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலைச்செல்விக்கு மானமே போய்விட்டது.

"அப்பா, இங்க கூவாதீங்க" என்றாள். பிறகு தம்பியின் காதைப் பிடித்தாள். "உனக்கும்தான்டா. இங்க கூவுன, இனி உன்ன எங்கயும் கூட்டியாரமாட்டேன்."

முரளி பயந்துபோய்த் தலையாட்டினான்.

உள்ளே போனால் அது அரங்கமா, மலைச்சரிவா என்றே தெரியவில்லை. படிப்படியாக இருக்கைகள் ஏறிக்கொண்டே போயின. அடியில் வெள்ளைப் பாறைபோலத் திரை நின்றது. அப்பா தம் தோளிலிருந்த துண்டை எடுத்து மூன்று இருக்கைகளின்மேலும் நீளமாகப் போட்டார். பஸ்ஸில் இடம் பிடித்த பழக்கம். இங்கே எல்லா இருக்கைக்கும் எண் உண்டு என்று கலைச்செல்வி சொல்லியும் அவர் துண்டை எடுக்கவில்லை.

விளக்கு அணைந்தது. கடல் வந்தது.

ஒரு அலை எழும்பி வந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் நனைந்திருப்பார்கள் என்றே கலைச்செல்வி நினைத்தாள். இடி இடித்தால் நெஞ்செலும்பு அதிர்ந்தது. முரளி அவள் முழங்கையை இடைவேளைவரை விடவில்லை. அப்பா காலைத் தூக்கி இருக்கையின்மேல் வைத்துக்கொண்டார், தண்ணீர் பட்டுவிடும் என்று.

இடைவேளையில்தான் வினை வந்தது.

அப்பா இடம் காக்க உட்கார்ந்துகொண்டார். கலைச்செல்வி தம்பியை வெளியே அழைத்துப் போனாள். பெண்கள் கழிப்பறை வாசலில் ஒரு பெரிய அட்டைக் கப்பல் நின்றது. அதன் பக்கத்தில் அவனை நிறுத்தினாள். அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரிசை நீளம். திரும்பி வந்தபோது கப்பல் இருந்தது. முரளி இல்லை.

சரி, அப்பாவிடம் போயிருப்பான் என்று உள்ளே ஓடினாள். படம் தொடங்கிவிட்டது. தட்டுத்தடுமாறி மேலே ஏறினாள். துண்டு இருந்தது, அப்பா இருந்தார், நடு இருக்கை காலியாக இருந்தது.

"தம்பி எங்க கண்ணு?" என்றார் அப்பா.

கலைச்செல்வி வந்த வழியே திரும்பி ஓடினாள்.

அடுத்த கால் மணி நேரம் ஒரே ஓட்டம். அரங்கத்தின் பொறுப்பாளர் ருக்ஸார் என்ற இளம்பெண். கையில் வாக்கி டாக்கி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெளிவாசல் காவலாளியிடம் பேசி, எந்தப் பிள்ளையும் தனியாக வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பணியாளர்கள் டார்ச் அடித்துக்கொண்டு அரங்கத்துக்குள் தேடினார்கள். ஒலிபெருக்கியில் முரளியின் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

அப்பா கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே சாலையைப் பார்த்தார். பஸ்ஸும் லாரியும் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன.  கலைச்செல்வியின் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்தது.

போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்று ருக்ஸார் கைபேசியை எடுத்தார். கேமராவில் பார்த்த பணியாளர் அப்போதுதான் ஓடிவந்தார். பையன் வெளியே போகவில்லையாம். கூட்டத்தோடு, திரைக்குப் பக்கத்திலிருக்கும் கீழ்க்கதவு வழியாக அதே அரங்கத்துக்குள் நுழைந்திருக்கிறான். அதன் பிறகு வெளியே வரவே இல்லை. உள்ளேயும் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் எங்கே?

கலைச்செல்வி கீழ்க்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு பின்னால் மூடிக்கொண்டது. படத்திலும் இரவு, கடலிலும் இருட்டு. தன் கையையே அவளால் பார்க்க முடியவில்லை. அவள் கால்கள் தாமாக நின்றன. பனி மூடியதுபோல இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

முரளியும் இங்கேதான் நின்றிருப்பான். இருட்டு மூடியதும், சொல்லிக்கொடுத்தபடி உட்கார்ந்திருப்பான். ஒலிபெருக்கி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வாயை இறுக மூடியிருப்பான். டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்ததும் எங்காவது பதுங்கியிருப்பான். எல்லோரும் அவனைத் தேடத் தேட, அவன் இன்னும் நன்றாக ஒளிந்துகொண்டிருக்கிறான்.

வெளியே ஓடிவந்து ருக்ஸாரிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். ருக்ஸார் கேட்டுக்கொண்டார். ஆனால் முந்நூறு பேர் பார்க்கும் படத்தை நிறுத்தினால் பெரிய ரகளையாகிவிடும் என்று தயங்கினார்.

"ஒரே ஒரு நிமிசம் போதுங்க" என்றாள் கலைச்செல்வி. "இந்தச் சத்தத்துல நான் கூவுனா அவனுக்குக் கேக்காதுங்க. எங்கூட்டுக் கூவல் கேட்டாத்தான் அவன் வருவான்."

ருக்ஸார் அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க மலைக்காரங்களா?"

"ஆமாங்க. கொல்லிமலை, ஆலத்தூர் நாடு."

"எனக்கு மலையடிவாரத்துல பேளுக்குறிச்சி. சந்தையன்னிக்கு உங்காளுங்க கூட்டத்துல ஒருத்தர ஒருத்தர் கூவித்தான் கண்டுபிடிப்பாங்க" என்றார் ருக்ஸார். வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "படத்த நிறுத்துங்க. ஒரு நிமிஷம். என் பொறுப்பு."

கடல் பாதி அலையில் நின்றது. விளக்குகள் எரிந்தன. முந்நூறு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு முணுமுணுத்தார்கள். ஒரு குழந்தையைத் தேடுகிறோம், இருக்கைக்குக் கீழே பாருங்கள் என்று ருக்ஸார் கேட்டுக்கொண்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எங்கும் இல்லை. மேலேயிருந்து யாரோ படத்தைப் போடச் சொல்லிக் கத்தினார்.

கலைச்செல்வி திரைக்கு முன்னால் நின்றாள். நாலாவது வரிசையில், வெளியே சிரித்த அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.  கலைச்செல்வி கையைக் குவித்தாள், எடுத்தாள், மறுபடி குவித்தாள்.

"ஊஊ... ஊஊ... ஊய்."

குரல் பாதியில் உடைந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் காது கொடுத்துக் கேட்டாள். பதில் இல்லை.

அப்பா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கலைச்செல்விக்கோ அவன் ஏன் பதில் கூவவில்லை என்பது புரிந்துவிட்டது. புரிந்ததும் அழுகை முட்டியது. கூவக் கூடாது என்று காதைப் பிடித்துச் சொன்னவளே அவள்தானே. பாவி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

இப்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. சிரித்தவர்களும் அவள் கண்ணில் படவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"முரளி, இங்க கூவலாம்டா. அக்கா சொன்னது தப்பு. நான் கூவறேன், நீயும் கூவு."

பிறகு மலைக்கு மலை கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கூவினாள். நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று. உடையாமல் வந்தது. அரங்கத்தில் ஒரு பேச்சு மூச்சு இல்லை.

திரைக்கு அடியில் தொங்கிய கறுப்புத் துணி லேசாக அசைந்தது.

"ஊஊ... ஊஊ... ஊய்" என்றது உள்ளேயிருந்து ஒரு பொடிக் குரல்.

கலைச்செல்வி பாய்ந்துபோய்த் துணியைத் தூக்கினாள். திரைக்குக் கீழே ஒரு சந்து. அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு முரளி உட்கார்ந்திருந்தான். அவள் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா இருவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தார். முந்நூறு பேரும் கைதட்டினார்கள். படத்தைப் போடச் சொல்லிக் கத்தியவர்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார்.

முரளிக்கு இதெல்லாம் எதற்கென்றே புரியவில்லை.

"கப்பல்கிட்ட உன்னக் காணமேன்னு உள்ள வந்தேனுக்கா. இருட்டிருச்சு. அப்பறம் நான் அசையவே இல்ல" என்றான் பெருமையாக. "பிசாசு மூணு தடவ வந்துச்சு. நான் ஏமாறலியே."

டார்ச் வைத்திருந்த பணியாளர் மெல்ல அதைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. பாதியில் நின்ற அலை மறுபடி எழும்பியது. மீதிப் படம் முழுவதும் கலைச்செல்வி தம்பியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். கை வியர்த்தது, வலித்தது, ஆனாலும் விடவில்லை. கடல் எவ்வளவு பெரியதாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படம் முடிந்து மூவரும் நகரும் படிக்கட்டில் இறங்கி, வெளிவாசலை நெருங்கினார்கள். பின்னால் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலாக ஒரு சத்தம் வந்தது.

"ஊ... ஊய்... ஊ..."

நீளமும் குட்டையும் இடம் மாறி, ராகம் எங்கோ போயிருந்தது. மூவரும் திரும்பினார்கள். மாடிக் கைப்பிடியோரம் ருக்ஸார் நின்றிருந்தார். ஒரு கையை வாயில் வைத்துக் கூவியபடி, மறுகையில் அப்பாவின் துண்டை ஆட்டினார். அப்பா தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தப்பாக் கூவறாங்க. இதுக்குப் பதில் கூவலாமாக்கா?" என்று முரளி காதோடு கேட்டான்.

 அத்தனை பேர் நடுவில், கலைச்செல்வி இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டாள்.