காது மட்டும் மாறவில்லை

அருங்காட்சியகத்தின் நிலவறைக்கு அவள் வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. காவலாளி பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார்.

"பெரிய மேடம் போனப்புறம் இங்க யாரும் வர்றதில்ல. நீங்க பாருங்க, சின்ன மேடம்."

பெரிய மேடம் அவளுடைய அக்கா. தேய்ந்த நாணயங்களில் இருக்கும் முகம் எந்த அரசனுடையது என்று கண்டுபிடித்து, இருபது வருடம் இந்த அறையிலேயே எழுதியவள். போன மாதம் இறந்துபோனாள். அந்தக் கைப்பிரதி நாளை அச்சகத்துக்குப் போகிறது. முதல் பக்கத்தில் அக்காவின் பெயரை வெள்ளை மை பூசி மறைத்து, அதன் மேல் தன் பெயரை எழுதிவிட்டாள் தங்கை. செத்தவளுக்குப் பேர் எதற்கு என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நெஞ்சழுத்தம் கொஞ்சம் அதிகம்தான்.

யாருடையது என்று எழுத மிச்சமிருந்தது ஒரே நாணயம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி விளக்கைச் சாய்த்தாள். எடுப்பான மூக்கு, நீண்ட தாடை. அண்ணனைக் கொன்றுவிட்டுப் பட்டமேறிய தம்பி அரசன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பிறகு காதைப் பார்த்தாள்.

அது அண்ணனுடைய காது.

நாணயம் அடிக்கும் முத்திரையைத் தம்பி புதிதாகச் செய்யச் சொல்லவில்லை. அண்ணனின் பழைய முத்திரையிலேயே மூக்கையும் தாடையையும் திருத்தி வெட்டி நாணயம் அடித்திருக்கிறார்கள். காதைத் திருத்த மறந்துவிட்டார்கள். "மூக்க நம்பாத, காதப் பாருடி" என்று அக்கா எப்போதும் சொல்வாள். அக்காவின் இடது காது மடல், சின்ன வயதில் கம்மல் இழுபட்டு, இரண்டாகக் கிழிந்திருக்கும்.

தைல வாசனை வந்தது. அக்கா தலைவலிக்குத் தடவுகிற தைலம்.

பின்னால் நாற்காலி மெல்ல முனகியது.

அவள் திரும்பவில்லை.

இடது காதில் மூச்சுக்காற்று பட்டது. ஈரமாக, சில்லென்று.

"யாருதுன்னு எழுதுடி."

மன்னித்துவிடு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. தன் பெயர் எழுதிய கைப்பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி ஓடினாள்.

வாசலில் காவலாளி அவளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.

"பெரிய மேடம்..." என்றார்.

அவள் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். மடல் இரண்டாகப் பிரிந்திருந்தது.

ரத்தம் இல்லை. என்றோ கிழிந்து, என்றோ ஆறிப்போன தழும்பு.