பார்சலில் வந்த பல்செட்!

செல்போன் அலறியது.

தேவயானி கரண்டியை வைத்துவிட்டு எடுத்தாள்.

"உன் வூட்டுக்காரன் முனிகிருஷ்ணன் எங்க கையில கீறான்!" ஓர் ஆண் குரல் கரகரத்தது. "வாசல்ல பார்சல் கீது, பாரு. போலீசுக்குப் போன... சம்பேஸ்தாம்! கொன்னுடுவோம்!"

தமிழ், தெலுங்கு என இரண்டு பாஷையில் மிரட்டல். எல்லையோர ஊர் அல்லவா!

காலையில்தான் கணவர் விஜயபுரத்திலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினார். இந்நேரம் மலைமேல் தரிசன க்யூவில் இருப்பார். போனை கவுண்டரில் கொடுத்திருப்பார். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை!

வாசலுக்கு ஓடினாள். பார்சலைப் பிரித்தாள்.

"ஐயோ...!"

உள்ளே ஒரு பல்செட்! கூடவே ஒரு பத்திரம்.

அலறல் கேட்டு ஓடி வந்தான் சுரேஷ்பாபு. கணவரின் தம்பி. சித்தூரிலிருந்து நேற்றுதான் வந்திருந்தான்.

"அண்ணி! இது அண்ணன் பல்லுதான்!" பத்திரத்தைப் பரபரவென்று படித்தான். "உங்க மாந்தோப்பை எழுதிக் குடுக்கச் சொல்றாங்க."

"என் நைனா எனக்குக் குடுத்த தோப்பு சுரேசு..."

"தோப்பு போனா போவுது அண்ணி! அண்ணன் உசிரு முக்கியம்!"

பேனாவையும் நீட்டினான். எவ்வளவு நல்ல தம்பி!

தேவயானி பேனாவை வாங்கினாள். பல்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கட்டாகாமல் இருந்த போனில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏம்பா... இத எப்படி எடுத்தீங்க?"

"மயக்க மருந்து குடுத்து வாயிலேருந்து உருவினோம்! இப்போ பொக்கை வாயோட அழுதுகினு கீறான்!"

தேவயானி வாய்விட்டுச் சிரித்தாள்!

"டேய்! இது சம்பந்தி வூட்டு விருந்துல ரசத்துல உழுந்த பழைய செட்டு. அந்த வெக்கத்துலதான் அவரு இம்ப்ளாண்ட் வச்சிகினாரு. தாடையெலும்புல ஸ்க்ரூ எறக்கி, மாசக்கணக்கா ஆறவுட்டு, போன வாரம்தான் அதுக்கு மேல பல்லு மாட்டினாங்க. டாக்டரே டூல் இல்லாம கழட்ட முடியாது. நீ எப்படிடா உருவின?"

லைன் கட்!

அடுத்த நொடி... சுரேஷ்பாபுவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவன் அணைப்பதற்குள் தேவயானி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அதே கரகர குரல்!

"அண்ணா, மோசம் போயிட்டோம்! நீ பீரோவுலேருந்து எடுத்துக் குடுத்தது பழைய பல்லாம்ணா!"

சுரேஷ்பாபுவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அண்ணி... அண்ணன் எங்கிட்ட சொல்லவேயில்லியே..."

"அறுபதாம் கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் கரும்பு கடிச்சுக் காட்டணும்னு ரகசியமா வச்சிருந்தாரு. நேத்து உன் பக்கத்துல குந்திகினு ரெண்டு கை வறுத்த வேர்க்கடலை துன்னாரே... ஆடிகினு கீற செட்ட வச்சிகினு அப்படித் துன்ன முடியுமாடா?"

தடாலென்று காலில் விழுந்தான்.

"போலீஸ் வேணாம் அண்ணி!"

"போலீசு அப்புறம். மொதல்ல உங்க அண்ணன் வரட்டும்."

தேவயானி அவன் உள்ளங்கையில் பல்செட்டை வைத்து விரல்களை மூடினாள்.

"பத்திரமா வச்சிக்கோ சுரேசு. அவரு மலையிலேருந்து எறங்கி வந்து விடற அறைக்கு அப்புறம்... உனக்குத் தேவைப்படும்!"