பாட்டை எடுத்தவள்

அன்று மத்தியானம் மாடியறையில் இருந்தவர்கள் ராமசுப்பிரமணியன், அவர் மகன் மருதுபாண்டி, மருமகள் பூமயில். நாலாவது ஆள் கிடையாது.

திருப்புல்லாணிப் பக்கம் பேர்பெற்ற வீடு அது. சன்னல்களைக் கம்பளியால் அடைத்து, மருதுபாண்டி அந்த அறையில் பாட்டுகளுக்கு ஒலி கலந்து கொடுத்துவந்தான். நையாண்டி மேளத்துக்கு அடிச்சத்தம் கனக்க வேண்டும். கீழக்கரை பாக்கர் கொண்டுவரும் பைத்துக்கு, முஸ்லிம் ஆண்கள் கூடிப் பாடும் புகழ்ப்பாட்டுக்கு, குரல் முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் பதமும் அவன் விரலுக்குத் தெரியும்.

அன்றைக்கு எடுத்தது போன வருஷ முளைப்பாரிக் கும்மி. சாயங்காலம் கோயிலில் போடவேண்டும். ஒரே மைக்கில் பதிந்த பாட்டு. முன்பாட்டு பாடியவள் அவன் தங்கச்சி மாரிச்செல்வி. மைக் கட்ட வந்தவனையே பார்த்துப் பாடுகிறாள் என்று அய்யா ராமசுப்பிரமணியன் அவளைப் பாதியில் இழுத்துவந்தார். அடுத்த வாரம் அவள் அவனோடு போய்விட்டாள். அய்யா தலைமுழுகினார். திருப்பூரில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டதாகச் செய்தி வந்தபோதும் அவர் அசையவில்லை. அது குடும்பத்தின் முடிவு. ஊருக்கு அதில் பேச்சில்லை.

"அவ குரல் கோயில்ல கேக்கக் கூடாது" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தங்கச்சியின் குரல் நடு அலைவரிசையில் இருந்தது. மருதுபாண்டி அந்த இடத்தைக் குறைத்தான். மற்ற பெண்களின் குரலும் சேர்ந்து மெலியவே, பள்ளத்தை உருமியாலும் பேஸ் சத்தத்தாலும் நிரப்பினான்.

குரல் கீழே இறங்கி, உருமியின் உறுமலுக்குள் நின்று பாடியது.

அங்கேயும் குறைத்தான்.

கைத்தட்டலுக்குள் ஏறிக்கொண்டது.

அறையில் வசம்பும் பச்சை ரத்தமும் கலந்த, பிள்ளை பெற்ற வீட்டு வாசம். காதைச் சரிபார்க்கலாமென்று அவன் பாக்கரின் பைத்தைப் போட்டான். அதிலும் ஆண்களுக்கு முன்னால் மாரிச்செல்வியே முதலடி எடுத்தாள்.

"காதுல ஒட்டிக்கிருச்சு அய்யா" என்று முணுமுணுத்தான்.

"உங்க காதுலன்னா எனக்கு ஏன் கேக்குது?" என்றாள் பூமயில். பிறகு மாமனாரைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "முளைப்பாரிப் பாட்டை எடுத்தவதான் முடிக்கணும் மாமா. முடிக்க விட்டீகளா?"

மருதுபாண்டி மறுபடி கும்மியைப் போட்டு, எல்லா அலைவரிசையையும் அடிமட்டத்துக்கு இறக்கினான். பதிவு முடியும் இடம் வந்தது. பாட்டு அதைத் தாண்டிப் போனது.

அவன் வயரைப் பிடுங்கினான்.

இந்த வருஷம் பாட்டே வேண்டாம் என்று அய்யா எழுந்தார்.

சாயங்காலம் மைக்செட்டில் யாரும் எதையும் போடவில்லை. முளைப்பாரியை இறக்கிவைத்ததும் மாரிச்செல்வியின் குரலில் முன்பாட்டு எழுந்தது. பெண்கள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு பின்பாட்டு எடுத்து, சுற்றிவந்து, கடைசி அடிவரை பாடினார்கள்.

மகள் பாட்டைக் கேட்டு ராமசுப்பிரமணியன் கோயிலில் அழுதார் என்று ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். அவர் நிமிர்ந்துதான் நின்றார். அழுதது பச்சைப் பிள்ளை. பாட்டு முடிந்த பிறகு, ஒலிபெருக்கியில்.